சாரல் நாளிலும் இரண்டு விரல் நீளம்

பெட்டியைத் திறந்ததும் ஊறுகாய் பாட்டில் இருக்கும், அதன் பக்கத்தில் முறுக்கு டப்பா, அதற்கும் அடியில் உன் புதுச் சட்டைக்குள் சுற்றி வைத்த வெள்ளை டியூப்கள் இருக்கும். "இந்த அம்மாவுக்கு வேற வேல இல்ல" என்று ஓரமாகத் தூக்கிப் போட்டுவிடாதே. ஊறுகாய் தீர்ந்தால் அனுப்பி வைப்பேன். முறுக்கை ரயில் மதுரையைத் தாண்டுவதற்குள் நீ முடித்துவிடுவாய் என்பதும் எனக்குத் தெரியும். அந்த டியூப்களை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள். நாளை மறுநாள் நீயும் கோமதியும் ராஜஸ்தானுக்கு வண்டி ஏறுகிறீர்கள். கண்ணுக்கெட்டிய தூரம் மணல், அதன் மேல் வரிசை வரிசையாகச் சூரிய மின்பலகைகள், அவற்றைப் பார்த்துக்கொள்ள ஒரு இன்ஜினீயர். வெயில் எங்கே கொட்டுகிறது என்று தேடிப் பிடித்து ஒரு கம்பெனி இடம் வாங்கியிருக்கிறது, அங்கே நிற்பதற்கு என் பிள்ளையைத் தேடிப் பிடித்திருக்கிறது. நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது. ஸ்டேஷனில் இதையெல்லாம் சொல்ல மாட்டேன். ஆயுசு முழுக்க மைதானத்தில் கத்திப் பழகியவள், வண்டி நகரும்போது மட்டும் "தண்ணி பாட்டில் எடுத்தியா" என்பதைத் தாண்ட மாட்டேன். அதனால்தான் எழுதி வைக்கிறேன்.

உனக்கு வெயிலைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒரு தகுதி உண்டு. தென்காசியில் பெண் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக நான் நிற்காத வெயில் இல்லை. தலையில் ஒரு தொப்பி, கழுத்தில் ஒரு விசில், அவ்வளவுதான் என் ஆயுதம். போன படிப்பு ஆண்டோடு ஓய்வு பெற்றுவிட்டேன். கறுத்த தோலை வெயில் என்ன செய்துவிடும் என்பதுதான் சமீபம் வரைக்கும் என் கட்சி. பிள்ளைகள் யாராவது வெயிலுக்கு ஒதுங்கினால், "நீ என்ன ஐஸ்கட்டியா, உருகிப் போவ? ஓடுட்டி!" என்பேன். உன் அப்பாவின் கட்சி வேறு. வடகரையில் நாலு தென்னை வைத்திருக்கிற மனுஷருக்கு உலகத்தில் எல்லா நோவுக்கும் தேங்காய் எண்ணெய்தான் மருந்து. இந்த இரண்டு கட்சிக்கும் நடுவில்தான் நீ வளர்ந்தாய்.

நீ எட்டாம் வகுப்பு படிக்கும்போது உன் தோளில் முதல் வெண்புள்ளி வந்தது. பிறகு நெஞ்சில், அப்புறம் முன்கையில், கடைசியாக இடது கண்ணுக்குக் கீழே. அதற்கு முன்னால் உன்னை அருவியிலிருந்து இழுத்து வருவதே எங்களுக்குப் பெரும் பாடு. சாரல் சீசன் தொடங்கி, மலையில் தண்ணீர் வெள்ளைக் கோடாகத் தெரிந்துவிட்டால் போதும், வீட்டில் உன் கால் நிற்காது. குற்றாலத்தில் ஆம்பிளைகள் சட்டையோடு குளிப்பது அபூர்வம். எண்ணெய் தேய்த்து, வெறும் உடம்போடு போய் நிற்பதுதான் வழக்கம். புள்ளி வந்த வருஷம் நீயாகவே ஒரு உத்தியோகம் ஏற்றுக்கொண்டாய். "நீங்க குளிங்க, நான் துணிக்கு காவல் இருக்கேன்" என்றாய். அன்றிலிருந்து எல்லாருடைய துணியும், செல்போனும், அப்பாவின் கண்ணாடியும் உன் மடியில்தான். முழுக்கைச் சட்டையில் கழுத்துப் பொத்தான் வரைக்கும் போட்டு, கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருப்பாய். தொட்டால் ஒட்டாது, உயிருக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர்கள் சொன்னதெல்லாம் வீட்டுக்குத் தெரியும். அருவிக்கரையில் நிற்கிற ஊர்க் கூட்டத்துக்கு எப்படித் தெரியும் என்பதுதான் உன் கணக்கு.

சுரண்டைக்குக் கோமதியைப் பெண் பார்க்கப் போன நாளை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். கேசரியும் காராச்சேவும் வைத்தார்கள். கை கழுவிவிட்டு வந்த நீ, யாரும் கேட்காமலே சட்டைக் கையை முழங்கை வரை மடித்துக் காட்டி, "இன்னும் தோள்லயும் நெஞ்சுலயும் இருக்கு, தெரிஞ்சுக்கிடுங்க" என்றாய். எனக்கு உள்ளே பெருமை, வெளியே வேர்வை. கோமதியின் பெரியம்மா, "பரவுமா தம்பி?" என்று கேட்டார்கள். அவள் மாமா, "நாளைக்கு பிள்ளைகளுக்கு வருமா?" என்றார். நீ இரண்டுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னாய். பாடமாகப் படித்த பதில்தானே. அப்போதுதான் அடுப்படி வாசலில் நின்ற கோமதி, "வெயில் பட்டா எரியுமா?" என்று கேட்டாள். உன்னிடம் அதை அதுவரை யாரும் கேட்டதில்லை. ஊர் முழுக்க அது எப்படித் தெரிகிறது என்றுதான் பார்த்தது, நானும்தான். "ம்... எரியும்" என்று நீ சொன்னாயே, அந்த நிமிஷமே எனக்கு மருமகள் கிடைத்துவிட்டாள். மற்றதெல்லாம் வெற்றிலை பாக்குச் சடங்குதான்.

ஆனால் அந்தக் கெட்டிக்காரியும் நம்மோடு சேர்ந்து ஏமாந்தாள் பார், அதுதான் வேடிக்கை. ஆவணியில் கல்யாணம், ஆடியில் சுந்தரபாண்டியபுரத்தில் சூரியகாந்தி பூத்து நின்றது. இப்போது போட்டோ எடுக்காமல் யார் கல்யாணம் செய்கிறார்கள்? போட்டோக்காரத் தம்பி, "வானம் மூட்டமா இருக்கு டீச்சர், நிழல் விழாது, இதவிட நல்ல வெளிச்சம் கிடைக்காது" என்றார். மலைப்பக்கமிருந்து பொதிகைக் காற்று, முகத்தில் பூப்போலச் சாரல், எனக்குக் கையில் மயிர் கூச்செறிந்தது. கோமதி பையிலிருந்து ஒரு டியூப்பை எடுத்தாள். நான்தான், "ஏட்டி, சாரல் அடிக்குற அன்னைக்கு யாராவது வெயிலுக்கு க்ரீம் போடுவாங்களா? வழிஞ்சு போட்டோவுல வெள்ளையா விழும், உள்ள வையி" என்றேன். அவளும் ஒரு தடவை வானத்தைப் பார்த்துவிட்டு உள்ளே வைத்துவிட்டாள். நம் பக்கத்து ஆட்களுக்கு இது ரத்தத்தில் ஊறினது. சாரல் என்றால் சீசன், சீசன் என்றால் குளிர்ச்சி, குளிர்ச்சி என்றால் வெயில் இல்லை. வேறு ஊர்க்காரன் இந்தத் தப்பைச் செய்ய மாட்டான், அவனுக்கு ஏது சாரல்! காலையில் வரப்பில் நின்றவர்கள் உச்சிப்பொழுது தாண்டித்தான் வெளியே வந்தோம்.

சாயந்திரம் உன் கண்ணுக்குக் கீழே அந்தப் புள்ளி மிளகாய் அரைத்துப் பூசினது போலச் சிவந்து நின்றது. கையிலும் அப்படியே. நாள் முழுக்க ஜில்லென்று இருந்துவிட்டு எப்படி வெந்தது என்று நாங்கள் முழித்தோம். அப்பா எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தார், நீ கதவைச் சாத்திக்கொண்டாய். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்தே சொன்னாய், "அம்மா, நான் அந்த ராஜஸ்தான் வேலைக்கு போகல. ஆபீசுக்குள்ள ஏதாவது கிடைக்கான்னு கேட்டுக்கிடுதேன். மூட்டத்துலயே இப்படின்னா அங்கன என்ன ஆகும்?" எரிச்சலைவிட அந்தப் பேச்சுத்தான் எனக்குச் சுட்டது. அந்த வேலைக்காக நீ எத்தனை பரீட்சை எழுதினாய், ஆர்டர் வந்த அன்று அப்பாவைத் தூக்கிச் சுற்றினாயே! அருவியை விட்டுக் கொடுத்தது போல இதையும் விட்டுக் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே ஒரு ஓரத்தில் உட்கார்ந்துவிடுவாயோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. அன்றைக்கு நான் நிஜமாகவே பயந்தேன் ராசா.

மறுநாள் கோமதி சுரண்டையிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்து இறங்கினாள். மூன்று பேருமாகத் தென்காசியில் தோல் டாக்டரம்மாவிடம் போனோம். நீ சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்து விட்டுக்கொண்டே வந்தாய். முதலில் எரிச்சல் அடங்க மருந்தும், ஈரத்துணி ஒற்றும் விதமும் சொன்னார்கள். பிறகு நான், "மழைத் தூத்தல்ல நின்னதுக்கு இப்படி ஆகுமா டாக்டர்?" என்று கேட்டேன். அவர்கள் சிரித்துவிட்டார்கள். "சீசன்லதான் டீச்சர் எனக்கு இந்தக் கேஸ் நெறைய வருது. சூடு வேற, சுடுற கதிரு வேற. மேகம் சூட்டைக் குறைச்சிரும், அந்தக் கதிரு நெறைய கீழ வந்துரும். நீங்க குளுகுளுன்னு இருக்குன்னு நெனச்சுக்கிட்டு இன்னும் அதிக நேரம் நிப்பீங்க." நம் தோலில் இருக்கிற கறுப்புச் சாயம்தான் நமக்குக் குடை என்றும், புள்ளி இருக்கிற இடத்தில் அந்தக் குடை இல்லை என்றும், அங்கே குடையை நாமே பிடிக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். குடை இருக்கிற தோலும் தப்பாதாம். என் கன்னத்தில் கறுப்பாகப் படர்ந்திருக்கிற மங்குவைக் காட்டி, "இதுவும் வெயில் கொடுத்ததுதான்" என்றார்கள். அது வயசுக்கு வந்தது என்றுதானே இத்தனை நாள் நினைத்திருந்தேன்! அப்போதுதான் நீ நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக் கேட்டாய். "அப்ப நான் வெயில்ல வேல பாக்கலாமா, கூடாதா?" டாக்டரம்மா, "தாராளமா பாக்கலாம். தொப்பி, முழுக்கை, சன்ஸ்கிரீன் மூணும் இருக்கணும். ஒண்ணு இருக்குன்னு இன்னொண்ண விடக் கூடாது" என்றார்கள். நீ உடனே நம்பவில்லை, முகத்திலேயே தெரிந்தது. ஆனால் வேலையை வேண்டாமென்று எழுதவும் இல்லை. எனக்கு அது போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு நம் வீட்டில் நடந்த கூத்தை நீ மறக்கவே கூடாது. எது உனக்கு ஒத்துக்கொள்ளும் என்று பார்க்கக் கோமதி விதவிதமாக வாங்கி வந்தாள், பரிசோதனைக்கு அப்பா கையை நீட்டினார். முதலில் போட்டது துத்தநாகம் கலந்த கெட்டி ரகம். தேய்க்கத் தேய்க்க வெள்ளை போகவே இல்லை, அப்பா கை நிறைய விபூதி பூசி உலகம்மன் கோவிலுக்குக் கிளம்பினவர் மாதிரி நின்றார். ஆனால் கூச்சப்படுகிற தோலுக்கு அந்த ரகம்தான் எரியாது என்பதால், அதிலேயே தோல் நிறத்தில் சாயம் சேர்த்த ஒன்றை உன் புள்ளிகளுக்கு எடுத்துக்கொண்டோம். அடுத்தது எண்ணெய்ப் பசை, முழங்கை வடைச்சட்டி போல மின்னியது. மூன்றாவது ஜெல், போட்ட சுவடே தெரியவில்லை. "ஏட்டி, இதுல ஒண்ணுமே இல்லயே, ஏமாத்திட்டான்" என்றார் அப்பா. வேர்க்கிற உடம்புக்கு அதுதான் சரி. இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், அங்கே கடையில் போய் நின்று விளம்பரத்தில் வருகிற முகத்தைப் பார்த்து வாங்காதே. எஸ்.பி.எஃப். என்று போட்டிருக்கிற எண் முப்பதுக்குக் கீழே போகக் கூடாது, உனக்கு ஐம்பது. பிராட் ஸ்பெக்ட்ரம், அதாவது இரண்டு வகைக் கதிரையும் தடுக்கும், என்று எழுதியிருக்க வேண்டும், பி.ஏ. என்ற எழுத்துக்குப் பக்கத்தில் கூட்டல் குறிகள் கூடுதலாக இருக்க வேண்டும். வேர்வைக்கும் தண்ணீருக்கும் தாங்குகிற ரகமா, காலாவதி ஆகவில்லையா என்று பார். வெள்ளையாக்கும் என்று எவனாவது சொன்னால் அந்த டியூப்பை வைத்துவிட்டு வந்துவிடு. நமக்கு வெள்ளையாக வேண்டிய அவசியம் என்ன? எரியாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். புது ரகம் எதுவானாலும் முதலில் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒரு நாள் பொறு.

வாங்குவதைவிடப் போடுவதில்தான் நம் வீட்டுக் கருமித்தனம் தெரிகிறது. நாம் க்ரீம் என்றால் நெற்றி, மூக்கு, தாடை, இரண்டு கன்னம் என்று ஐந்து பொட்டு வைத்து இழுத்துவிடுகிற ஆட்கள். இதில் அந்த வேலை பலிக்காது. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் அடியிலிருந்து நுனி வரைக்கும் நீளமாகப் பிதுக்கு. அது முகத்துக்கும் கழுத்துக்கும். ஒவ்வொரு கைக்கும் அதே போல இன்னொரு தடவை. காது மடல், பிடரி, உதடு, பாதத்தின் மேல்பக்கம் இந்த நாலையும் எல்லாரும் விட்டுவிடுவார்கள், நீ விடாதே. வெளியே இறங்குவதற்கு ஒரு கால் மணி நேரம் முன்னாலேயே போட்டுவிடு, செருப்பை மாட்டிக்கொண்டே தேய்க்காதே. காலையில் போட்டதோடு கடமை முடிந்தது என்று நினைக்காதே, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை மறுபடி போட வேண்டும், வேர்த்துத் துடைத்தாலோ குளித்தாலோ உடனே. டியூப்பை ஜீப்பில் முன்கண்ணாடிக்குக் கீழே போட்டு வைத்தால் சூட்டில் கெட்டுப் போகும், மதியச் சாப்பாட்டுப் பையில் வை. கல்யாணத்துக்கு முந்தின வாரம் முழுக்க நான் வீட்டில் விசில் ஊதியதும் நீயும் அப்பாவும் முற்றத்தில் வந்து வரிசையில் நின்று தேய்த்துக்கொண்டது நினைவிருக்கிறதா? அப்பாவின் வழுக்கைக்குத் தனிப் பங்கு. பந்தல் போட வந்தவர்கள் நம்மை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்கள்.

ஆனாலும் அருவி பாக்கி இருந்தது. கல்யாணம் முடிந்து விருந்தும் ஓய்ந்த பிறகு பேரருவிக்குப் போனோம். பெண்கள் பக்கம் நானும் கோமதியும் குளித்து முடித்து, தலையைத் துவட்டிக்கொண்டு வந்தால், நீ வழக்கம்போலக் கைப்பிடிச் சுவரில் துணிக்குக் காவல். அப்பா ஏற்கெனவே எண்ணெய் மணக்கத் தண்ணீருக்குள் போய்விட்டார். கோமதி உன் மடியிலிருந்த துணியை எல்லாம் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். "இன்னைக்கு நான் காவல் இருக்கேன், நீங்க போங்க" என்றாள். நீ என்னைப் பார்த்தாய். நான் வேண்டுமென்றே மலையைப் பார்த்தேன். பிறகு பொத்தான் ஒவ்வொன்றாகக் கழன்றது. அவள் உன் தோளில், முதுகில், நெஞ்சில் நிதானமாகத் தேய்த்துவிட்டாள், அது ஊறுகிற வரைக்கும் இரண்டு பேரும் சூடாக மிளகாய் பஜ்ஜி தின்றுகொண்டு நின்றீர்கள். அவள் மூன்று முடித்த பிறகும் உன் முதல் பஜ்ஜி கையிலேயே இருந்தது, சூடு என்று சொன்னாய்.

நீ அந்தக் கூட்டத்துக்குள் நடந்து போனபோது நான் உன்னைப் பார்க்கவில்லை, சுற்றி இருந்தவர்கள் கண்களைத்தான் பார்த்தேன். எவனாவது முறைக்கட்டும், போய் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவோம் என்று செருப்பைக்கூட மாட்டிக்கொண்டேன். தண்ணீர் உன் தலையில் விழுந்தது. நீ கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையையும் பாறையில் ஊன்றி, நகரவே இல்லை. பக்கத்தில் ஒரு தொந்திக்கார அண்ணாச்சி உன்னைத் திரும்பிப் பார்த்தார். நான் ஒரு எட்டு முன்னால் வைத்தேன். அவர் உன் தோளைத் தட்டி, அருவிச் சத்தத்தை மீறிக் கத்தினார், "தம்பி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, நாங்களும் நனையணும்ல!" அவ்வளவுதான். எட்டாம் வகுப்பிலிருந்து நீ பயந்த ஊர் உன்னிடம் கேட்டது அந்த ஒரு சாண் இடம்தான். நீ தள்ளி நின்றாய், சிரித்தாய், மறுபடியும் தலையைக் கொடுத்தாய். கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேருக்கும் முகம் நனைந்திருந்தது, அதை அருவித் தண்ணீர் என்றே வைத்துக்கொள்வோம்.

உன்னை இழுத்து வருவது பழையபடி பெரும் பாடாகிவிட்டது. மூட்டம் விலகி வெயில் எட்டிப் பார்த்தது, போட்டதெல்லாம் இத்தனை நேரத்தில் கழுவிப் போயிருக்கும். கூப்பிட்டால் உனக்குக் காது கேட்கவில்லை. பழக்க தோஷம், பையிலிருந்த விசிலை எடுத்து ஒரு இழுப்பு நீளமாக ஊதிவிட்டேன். அருவியில் விசில் என்றால் போலீஸ்தானே! குளித்தது போதும், அடுத்த ஆளுக்கு இடம் விடு என்று அர்த்தம். அத்தனை ஆம்பிளைகளும் மறுபேச்சில்லாமல் வரிசையாக வெளியே வந்தார்கள். தொந்திக்கார அண்ணாச்சி வந்தார், உன் அப்பாவும் தலையைக் குனிந்துகொண்டு வந்தார். நிஜப் போலீஸ்காரர் ஒன்றும் புரியாமல் தன் விசிலைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். அவ்வளவு பெரிய அருவியின் அடியில் நீ ஒருவன் மட்டும் தனியாக நின்றாய், அது போலீஸ் விசில் இல்லை, என் விசில் என்று உனக்குத் தெரியுமே. முகத்துத் தண்ணீரை வழித்துவிட்டுக்கொண்டே, "அம்மா!" என்று கத்தினாய். "ஏலே, மறுபடியும் தடவுலே!" என்று நானும் கத்தினேன். அன்று ராத்திரி நீ தோசை தின்றுகொண்டே, "அம்மா, வர்ற வாரத்துக்கு டிக்கெட் போட்டுருதேன்" என்றாய். எந்த ஊருக்கு என்று நான் கேட்கவே இல்லை.

அந்த விசிலைக் கோமதியிடம் கொடுத்துவிட்டேன். எனக்குத்தான் இனி மைதானம் இல்லையே. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஊதச் சொல்லியிருக்கிறேன். அங்கே ஊதினால் நகர்வதற்குக் கூட்டமே இருக்காதாம், மணல்தானாம். பரவாயில்லை, நீ ஒருவன் திரும்பிப் பார்த்தால் போதும்.